இயேசு, ஈஸா நபி: ஆள் ஒருவர்தானே, அப்புறம் எங்கே இடிக்கிறது?

மதில்மேல் பூனை:
நான் கிறிஸ்தவனும் இல்லை, முஸ்லிமும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட வேலை பார்க்கும் இரண்டு பேர் சாப்பாட்டு இடைவேளையில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர், "ரெண்டு மதமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், பெயரைத்தான் வேறு மாதிரி உச்சரிக்கிறோம்" என்கிறார். இன்னொருவர், "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை" என்கிறார். நானும் பட்டியல் போட்டுப் பார்த்தேன்: நோவா நூஹ், ஆபிரகாம் இப்ராஹீம், மோசே மூஸா, யோனா யூனுஸ், காபிரியேல் ஜிப்ரீல். ஒரே வீட்டுக் குடும்ப அட்டை மாதிரி இருக்கிறது. அப்படியானால் உண்மையான வித்தியாசம் எங்கே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆள் பிடிக்க வருகிறவர்கள் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

பிறைபார்த்தவன்:
நல்ல கேள்வி சகோ. ஒரே இறைவன், வானவர்கள், வேதங்கள், நபிமார்கள், மறுமை நாள், சொர்க்கம் நரகம், எல்லாம் இரண்டு பக்கமும் உண்டு. பலருக்குத் தெரியாத ஒன்று, குர்ஆனின் 19-வது அத்தியாயத்தின் பெயரே மர்யம், அதாவது ஈஸா நபியின் தாய் மரியா. குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் அவர்தான். ஈஸா நபியின் பெயர் 25 இடங்களில் வருகிறது, முஹம்மது என்ற பெயர் 4 இடங்களில்தான். தந்தையில்லாமல் பிறந்தார், பார்வையில்லாதவருக்குப் பார்வை கொடுத்தார், இறந்தவரை எழுப்பினார், எல்லாம் இறைவன் அனுமதியோடு. 'அல்மஸீஹ்', அதாவது மெசியா, என்ற பட்டமும் குர்ஆன் கொடுப்பதுதான். ஒரே வேறுபாடு, அவர் இறைவனின் மகன் இல்லை, தூதர். 112-வது அத்தியாயம் மொத்தமே நாலு வசனம், அவன் பெறவும் இல்லை, பெறப்படவும் இல்லை என்று அதில் வந்துவிடும். அவ்வளவுதான்.

தாவீதின் கவண்:
"அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டீர்களே! ஒருவரிடம் போய், "உங்கள் அப்பா ரொம்ப நல்லவர், உத்தமர், ஆனால் அவர் உங்கள் அப்பா இல்லை" என்று சொன்னால் பாராட்டு என்று எடுத்துக்கொள்வாரா? எங்களுக்கு அப்படித்தான் கேட்கிறது. இயேசு பெரிய தீர்க்கதரிசி என்பது எங்கள் காதுக்குப் பாராட்டு இல்லை, மறுப்பு.

மகனா தூதரா என்பதைவிடப் பெரிய இடி சிலுவையில் இருக்கிறது. குர்ஆன் 4:157 அவரைக் கொல்லவும் இல்லை, சிலுவையில் அறையவும் இல்லை, அவர்களுக்கு அப்படித் தோன்றும்படி செய்யப்பட்டது என்கிறது. பவுல் 1 கொரிந்தியர் 15-ல் கிறிஸ்து எழுந்திருக்காவிட்டால் உங்கள் விசுவாசமே வீண் என்று எழுதுகிறார். சாகாதவர் எப்படி உயிர்த்தெழுவார்? அந்த ஒரு ஆணியைப் பிடுங்கினால் எங்கள் வீட்டில் கூரை நிற்காது.

பிறைபார்த்தவன்:
கோபம் வேண்டாம் சகோ, நீங்கள் சொல்வது புரிகிறது. எங்கள் பக்கமிருந்தும் பாருங்கள். இறைவனோடு யாரையாவது சேர்த்து வைப்பது, இணைவைத்தல், அதைவிடப் பெரிய பாவம் எங்களுக்கு இல்லை. நீங்கள் உச்சமான மரியாதை என்று நினைத்துக் கொடுப்பது எங்களுக்கு உச்சமான குற்றம். சிலுவை விஷயத்திலும், தன் தூதரை அந்த அவமானத்தில் விடாமல் இறைவன் தன்னிடம் உயர்த்திக்கொண்டான் என்பது எங்களுக்கு ஈஸா நபியைக் குறைப்பது இல்லை, காப்பாற்றுவது.

மதில்மேல் பூனை:
ஆக ஒரே ஆளை இருவரும் மதிக்கிறீர்கள், அந்த மதிப்புதான் சண்டைக்குக் காரணம். எனக்குத் தலை சுற்றுகிறது.

ஏட்டுச்சுரைக்காய்:
ஓய்வுக்குப் பிறகு இந்த இரண்டு மதங்களைப் பற்றியும் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருப்பவன் நான், என் பெயரே என் தகுதியைச் சொல்லிவிடும். நீங்கள் எல்லோரும் ஜோடி சேர்ப்பதிலேயே தடுக்கி விழுகிறீர்கள் என்பது என் எண்ணம். பைபிளுக்கு எதிரே குர்ஆன், இயேசுவுக்கு எதிரே முஹம்மது நபி என்று வைத்துத்தான் எல்லோரும் ஒப்பிடுகிறார்கள், பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் உட்பட. அப்படி வைத்தால் எதுவும் சரியாகப் பொருந்தாது, செருப்பை வலது இடது மாற்றிப் போட்ட மாதிரி நடக்கலாம், ஆனால் உறுத்திக்கொண்டே இருக்கும்.

கிறிஸ்தவத்தில் கடவுளின் வார்த்தை என்பது முதலில் ஒரு ஆள். "ஆதியிலே வார்த்தை இருந்தது" என்று யோவான் தொடங்கி, 14-ம் வசனத்தில் அந்த வார்த்தை மாம்சமானது என்கிறார். இஸ்லாத்தில் இறைவனின் வார்த்தை ஒரு ஓதல், அது நூலாக இருக்கிறது. ஆகவே இயேசுவுக்கு எதிரே வைக்க வேண்டியது குர்ஆனை. அப்படி வைத்துப் பாருங்கள், பல முடிச்சுகள் தானாகத் தளரும்.

சான்று சொல்கிறேன். 325-ல் நிசேயாவில் ஆயர்கள் கூடி எதைப் பற்றி மண்டையை உடைத்துக்கொண்டார்கள்? மகன் படைக்கப்பட்டவரா, இல்லை தந்தையோடு என்றும் இருப்பவரா? ஆரியுஸ் படைக்கப்பட்டவர் என்றார், தோற்றார். ஐந்நூறு வருஷம் கழித்து பாக்தாதில் என்ன சண்டை? குர்ஆன் படைக்கப்பட்டதா, இல்லை இறைவனோடு என்றும் இருப்பதா? 833-ல் கலீஃபா மஃமூன், படைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்ளும்படி அறிஞர்களைக் கூப்பிட்டு விசாரிக்க உத்தரவு போட்டார். அஹ்மத் இப்னு ஹன்பல் மறுத்தார், அடுத்த கலீஃபா காலத்தில் கசையடி வாங்கினார், அப்போதும் மாறவில்லை. கடைசியில் ஸுன்னிகளிடம் நின்றது அவர் பக்கம்தான். ஒரே தலைவலி, ஒருவருக்கு ஆளைப் பற்றி, இன்னொருவருக்கு நூலைப் பற்றி.

ஒரு சின்ன விஷயம், எனக்கு ரொம்பப் பிடித்தது. நிசேயா விசுவாச அறிக்கை எந்தச் சொல்லில் நிற்கிறது? மகன் "பிறந்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்ல" என்பதில். பிறைபார்த்தவன் தம்பி சொன்ன 112-வது அத்தியாயம் மறுப்பது அந்தப் பிறப்பைத்தான். எந்த ஆணி கூரையைத் தாங்குகிறது என்று தெரிந்தே கை வைத்த மாதிரி இருக்கும்.

தாவீதின் கவண்:
ஐயா, இதை நான் யோசித்ததே இல்லை. அப்படியானால் சுவிசேஷங்கள் உங்கள் கணக்கில் எதற்கு ஜோடி?

ஏட்டுச்சுரைக்காய்:
ஹதீஸுக்கு, அதாவது நபி சொன்னது, செய்தது பற்றிய அறிவிப்புகளுக்கு. அல்லது நபியின் வாழ்க்கை வரலாற்று நூல்களுக்கு. லூக்கா தன் நூலின் முதல் நாலு வசனத்தில் என்ன சொல்கிறார்? கண்ணாரக் கண்டவர்கள் ஒப்புவித்ததை, நான் ஆதிமுதல் திட்டமாய் விசாரித்து, வரிசையாக எழுதுகிறேன் என்கிறார். இது ஒரு தொகுப்பாளரின் குரல். யார் சொன்னார், யாரிடமிருந்து கேட்டார் என்று சங்கிலி பிடித்துக்கொண்டு போகும் ஹதீஸ் அறிஞருக்கு இந்தக் குரல் அந்நியமாக இருக்காது. அந்தச் சங்கிலி லூக்காவிடம் இல்லை என்று குறை சொல்வார், அது வேறு.

"பைபிளை மாற்றிவிட்டார்கள்" என்ற வாக்குவாதம் ஏன் முடிவதே இல்லை என்பதும் இதில் தெரியும். ஈஸாவுக்கு இன்ஜீல் அருளப்பட்டது என்கிறது குர்ஆன். ஆகவே முஸ்லிம், "அவருக்குக் கொடுத்த அந்த நூல் எங்கே?" என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் கிறிஸ்தவர் விழிக்கிறார், ஏனென்றால் அவர் கணக்கில் இயேசு கையில் எந்த நூலும் வாங்கவில்லை, அவரேதான் செய்தி. மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் நாலும் அவரைப் பற்றி எழுதியவை.

மொழியும் அப்படியே. குர்ஆன் அரபியில் இருந்தால்தான் குர்ஆன், தமிழில் இருப்பது அதன் பொருள். தொழுகையில் ஓதுவது அரபியில்தான். பைபிள் எந்த மொழியில் இருந்தாலும் பைபிள்தான். இயேசு பேசியது அரமேயம், புதிய ஏற்பாடு எழுதப்பட்டது கிரேக்கத்தில். அதாவது அவர் வாய்ச்சொல் கிறிஸ்தவர்களுக்குக் கிடைத்ததே மொழிபெயர்ப்பாகத்தான், ஒருசில அரமேயச் சொற்களைத் தவிர. அதில் அவர்களுக்கு ஒரு சங்கடமும் இல்லை.

மெழுகுவர்த்தி:
ஐயா, நான் கத்தோலிக்கக் குடும்பம். நீங்கள் சொன்னதைப் படித்ததும் நற்கருணை ஞாபகம் வந்தது. நாங்கள் வார்த்தையை அப்பமாக உட்கொள்கிறோம், குர்ஆனை மனப்பாடம் செய்கிற ஹாஃபிழ் அதை நெஞ்சுக்குள் ஏற்றிக்கொள்கிறார். எங்கள் வீட்டில் அப்பம் கீழே விழுந்தால் பதறுவார்கள், என் தோழி வீட்டில் குர்ஆனைத் தரையில் வைத்தாலே பதறுவார்கள். ஆனால் ஒரு சந்தேகம், உங்கள் கணக்கில் முஹம்மது நபிக்கு யார் ஜோடி?

ஏட்டுச்சுரைக்காய்:
மரியா என்று சிலர் சொல்வார்கள் அம்மா. வார்த்தையை உலகத்துக்குக் கொண்டுவந்தவர்கள் இருவரும். அவர் கன்னி, இவர் எழுதப் படிக்கக் கற்காதவர். வந்தது மனித முயற்சியால் அல்ல என்பதற்கு இரண்டு பக்கமும் காட்டும் அடையாளம் அது. இரண்டு இடத்திலும் சேதி கொண்டுவந்தது ஜிப்ரீல்தான், காபிரியேல்தான்.

பிறைபார்த்தவன்:
ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். நபிகளார் செய்தியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒதுங்கியவர் இல்லை. பல் துலக்குவதிலிருந்து போர், சமாதானம், கொடுக்கல் வாங்கல், மனைவியிடம் பேசுவது வரை அவர் வாழ்ந்து காட்டிய வழி, சுன்னா, எங்களுக்குப் பின்பற்ற வேண்டியது. உங்கள் ஜோடிக் கணக்கு அறிஞர்கள் மேசைக்கு அழகாக இருக்கும், ஒரு சாதாரண முஸ்லிமின் நாளில் அது பொருந்தாது.

ஏட்டுச்சுரைக்காய்:
ஒப்புக்கொள்கிறேன் தம்பி, அந்த ஜோடி அங்கே நொண்டுகிறது. முதல் ஜோடியை மட்டும் விடமாட்டேன்.

அவசரக்குடுக்கை:
எதுக்கு இவ்வளவு சுற்றல்? பர்னபா சுவிசேஷம் படித்தீர்களா யாராவது? இயேசுவே முஹம்மது நபி வருவார் என்று பெயரோடு சொல்லியிருக்கிறார், சிலுவையில் ஏறியது யூதாஸ். திருச்சபை மறைத்துவைத்த நூல்!!! எல்லோரும் பகிருங்கள்!!!

தாவீதின் கவண்:
வந்துவிட்டார்யா.

பிறைபார்த்தவன்:
சகோ, நான் முஸ்லிமாகவே சொல்கிறேன், அதைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அதில் இயேசு நான் மெசியா இல்லை என்கிறார், மெசியா முஹம்மது என்கிறார். நம் குர்ஆன் ஈஸாவைத்தான் அல்மஸீஹ் என்று அழைக்கிறது. அந்த நூலை நம்பினால் முதலில் குர்ஆனோடு மோத வேண்டியிருக்கும். அதில் இயேசு கப்பலேறி நாசரேத்துக்குப் போய்ச் சேருகிறார். நாசரேத் மலைமேல் இருக்கிற ஊர்.

ஏட்டுச்சுரைக்காய்:
இன்னொன்றும் உண்டு. யூபிலி என்ற விடுதலை ஆண்டு நூறு வருஷத்துக்கு ஒருமுறை வருகிறது என்று அதில் வரும். யூதச் சட்டத்தில் அது ஐம்பது வருஷக் கணக்கு. நூறு வருஷம் என்பது 1300-ல் போப் அறிவித்த யூபிலியின் கணக்கு. எழுதியவர் தன் காலத்து நாட்காட்டியை மறந்துபோய் உள்ளே விட்டுவிட்டார். இத்தாலிய மொழியில் இருக்கும் அதன் பிரதி வியன்னாவில் இருக்கிறது, பழைய பிரதி எதுவும் கிடையாது.

அவசரக்குடுக்கை:
எனக்கு வந்ததை அனுப்பினேன். அந்தப் பதிவை எப்படி அழிப்பது?

மதில்மேல் பூனை:
அழிக்காதீர்கள், இருக்கட்டும். இவ்வளவு நேரத்தில் இரண்டு தரப்பும் ஒன்றுசேர்ந்தது உங்களை எதிர்த்துத்தான். நான் ஒன்று கேட்கிறேன், ஆதாம் செய்த தப்புக்கு நான் ஏன் பொறுப்பு? இதில் இருவரும் என்ன சொல்கிறீர்கள்?

பிறைபார்த்தவன்:
பொறுப்பு இல்லை. ஆதம் தவறு செய்தார், மன்னிப்புக் கேட்டார், இறைவன் மன்னித்தான், குர்ஆன் 2:37. அங்கேயே கணக்கு முடிந்தது. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார், 6:164. எங்களுக்குச் சிலுவை தேவைப்படாததற்கும் இதுதான் அடிப்படை. கடன் இல்லாத இடத்தில் அடைக்க ஆள் எதற்கு?

தாவீதின் கவண்:
ரோமர் 5:12 படி ஒரே மனிதனால் பாவமும், பாவத்தினால் மரணமும் உலகத்துக்குள் வந்தது. பிறக்கும்போதே குற்றவாளி என்று பழைய இறையியலாளர் அகுஸ்தீன் வழி வந்த மேற்குச் சபைகள் சொன்ன அளவுக்குக் கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகள் சொல்வதில்லை, அவர்கள் அதை நோய் மாதிரி, மரணம் தொற்றிக்கொண்ட மாதிரி பேசுவார்கள். நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால் எசேக்கியேல் 18:20-ம் மகன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்றுதான் இருக்கிறது, நீங்கள் சொன்ன 6:164 கிட்டத்தட்ட அதே தொனி. ஆனால் எனக்கு ஒரு கேள்வி, அப்போது உங்கள் பக்கம் எல்லாம் வரவு செலவுக் கணக்குதானா, நன்மை அதிகமானால் உள்ளே, குறைந்தால் வெளியே?

பிறைபார்த்தவன்:
அது பாதி உண்மை. தராசு உண்டு. ஆனால் உங்களில் யாரும் தன் செயலால் மட்டும் சொர்க்கம் நுழைய முடியாது என்று நபிகளார் சொல்ல, தோழர்கள், நீங்களுமா என்று கேட்க, நானும்தான், இறைவன் தன் அருளால் என்னை மூடினால் தவிர, என்றார். புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்பிலும் இருக்கிறது.

தாவீதின் கவண்:
விசுவாசம் மட்டுமே போதும் என்று சொன்ன லூத்தர் இதைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷம் நின்றிருப்பார். எங்கள் பக்கமும் யாக்கோபு, கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்று எழுதி லூத்தருக்கு எரிச்சல் மூட்டினார், அந்தக் கதை தனி.

மெழுகுவர்த்தி:
நீங்கள் எல்லாம் பெரிய பெரிய விஷயம் பேசுகிறீர்கள். நான் ஒரு சின்னது சொல்கிறேன். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி முஸ்லிம். தேர்வு முடிந்த ஒரு ராத்திரி, சும்மா, அவள் குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஃபாத்திஹாவின் பொருளைத் தமிழில் எழுதினாள், நான் இயேசு கற்பித்த செபத்தை எழுதினேன், இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தோம். இரண்டும் சின்னது. அவளுடையது ஏழு வசனம். இரண்டிலும் முதலில் புகழ்ச்சி, அப்புறம்தான் வேண்டுதல். "எங்களை" என்றுதான் இரண்டும் கேட்கிறது, "என்னை" என்று இல்லை. அவளுடையதில் நேரான வழி காட்டு, என்னுடையதில் சோதனைக்கு உட்படுத்தாதேயும்.

என்னுடையதை அவள் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள். "விண்ணுலகில் இருக்கிற எங்கள்" வரை வந்து நின்றுவிட்டாள். அடுத்த சொல் தந்தையே. படைத்தவனே என்று சொல்வேன், எஜமானே என்று சொல்வேன், ரப்பு என்று சொல்வேன், இது மட்டும் வாயில் வராதுடி என்றாள். எனக்கோ அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அந்தச் செபமே. மிச்சம் எல்லாம் அவளால் வாசிக்க முடிந்தது, உணவு, மன்னிப்பு, எல்லாம்.

அப்புறம் நான் அவளுடையதை வாசித்தேன். கடைசி வரி, உன் கோபத்துக்கு ஆளானவர்கள் வழியும் அல்ல, வழி தவறியவர்கள் வழியும் அல்ல. வழி தவறியவர்கள் யாருடி என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பழைய விளக்கவுரைகளில் அது நீங்கள்தான் என்றாள், தாளைப் பார்த்துக்கொண்டே.

பிறைபார்த்தவன்:
வசனத்தில் யார் பெயரும் இல்லை சகோதரி. ஒரு ஹதீஸை வைத்து முந்தைய விரிவுரையாளர்கள் அப்படி எழுதினார்கள் என்பது உண்மை, மறைக்கவில்லை. வழி தவறும் எவரையும் குறிக்கும், முஸ்லிமையும் சேர்த்து, என்று எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. நான் தொழுகையில் அந்த வரியை என்னை நினைத்துத்தான் ஓதுகிறேன்.

மதில்மேல் பூனை:
சரி, அன்றாட வாழ்க்கைக்கு வருவோம். ஒருவருக்குப் பன்றி கூடாது, மது கூடாது, ஐந்து வேளை. இன்னொருவருக்கு அப்படி எதுவும் பெரிதாக இல்லை. ஏன்?

ஏட்டுச்சுரைக்காய்:
பிறந்த நேரம் அப்படி. கிறிஸ்தவம் முதல் முந்நூறு வருஷம் கையில் ஆட்சி இல்லாமல், அடி வாங்கிக்கொண்டு வளர்ந்தது. யூதரல்லாதவர்கள் சேர வந்தபோது விருத்தசேதனம் கட்டாயமா என்று எருசலேமில் கூடிப் பேசி, வேண்டாம் என்று முடிவு செய்தார்கள், அப்போஸ்தலர் 15-ல் இருக்கிறது. சட்டத்தை அங்கேயே பெருமளவு கழற்றி வைத்துவிட்டார்கள். நபி 622-ல் மதீனா போனதும் ஒரு ஊரையே நடத்த வேண்டியிருந்தது. வாரிசுச் சொத்து, வட்டி, சாட்சி, திருமணம், எல்லாவற்றுக்கும் விடை வேண்டும். ஆகவே கிறிஸ்தவத்தில் மூளைக்காரர்கள் இறையியலில் போய் உட்கார்ந்தார்கள், இஸ்லாத்தில் சட்டத்தில். நான் கொஞ்சம் மொட்டையாகச் சொல்கிறேன், இரண்டிலும் இரண்டும் உண்டு, ஆனால் எடை அப்படித்தான்.

மதுவைப் பாருங்கள், 5:90 அதை ஷைத்தானின் வேலை என்கிறது. பெரும்பாலான சபைகளில் அதே திராட்சை ரசம் பலிபீடத்தில் இருக்கிறது. இதைவிடப் பளிச்சென்ற வித்தியாசம் வேறு கிடைக்காது.

தாவீதின் கவண்:
தூரம் இவ்வளவு இருந்தும் ஏன் பக்கத்தில் இருக்கிற மாதிரி சண்டை போடுகிறோம் என்று எனக்குத் தோன்றும்.

ஏட்டுச்சுரைக்காய்:
பங்காளிச் சண்டை தம்பி. அயலானோடு வாய்க்கால் தகராறு இருக்கலாம், பாகப்பிரிவினைத் தகராறு பங்காளியோடுதான். ஆபிரகாம் பலியிடப் போனது எந்த மகனை என்று கேளுங்கள், ஆதியாகமம் 22 ஈசாக்கு என்கிறது, குர்ஆன் 37-வது அத்தியாயம் பெயர் சொல்லவில்லை, இன்று பெரும்பாலான முஸ்லிம்கள் இஸ்மாயீல் என்பார்கள். ஆனால் தபரி மாதிரி பெரிய பழைய விரிவுரையாளரே ஈசாக்குப் பக்கம் சாய்ந்திருக்கிறார். 8-ம் நூற்றாண்டில் தமஸ்கு யோவான் என்ற கிறிஸ்தவ இறையியலாளர் இஸ்லாத்தைத் தனி மதம் என்று எழுதவில்லை, கிறிஸ்தவத்தின் தப்பறைகள் பட்டியலில் ஒன்றாகச் சேர்த்தார். வீட்டை விட்டுப் போனவன் என்று திட்டினாரே ஒழிய, யாரோ என்று சொல்லவில்லை. மறுபக்கம் எருசலேமில் முஸ்லிம்கள் கட்டிய பாறைக் குவிமாடம், 691, 692 வாக்கில் முடிந்தது, உள்ளே ஓடும் எழுத்தில் பெரும்பகுதி வேதக்காரர்களை விளித்து, இறைவனை மூன்று என்று சொல்லாதீர்கள் என்பது. புதுக் கட்டடம் கட்டி அதன் உட்புறத்தில் பங்காளிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள்.

பிறைபார்த்தவன்:
நல்ல பக்கத்தையும் சொல்லுங்கள் ஐயா. மக்காவில் தாங்க முடியாமல் முதலில் வெளியேறிய முஸ்லிம்களுக்கு இடம் கொடுத்தது அபிசீனியாவின், இன்றைய எத்தியோப்பியப் பக்கத்தின், கிறிஸ்தவ மன்னர் நஜாஷி. அவர் முன்னால் மர்யம் அத்தியாயத்தை ஓதிக்காட்ட அவர் அழுதார், தரையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, ஈஸா நீங்கள் சொன்னதைவிட இந்தக் குச்சியளவும் கூடுதல் இல்லை என்றார் என்று எங்கள் வரலாற்று நூல்கள் சொல்லும்.

தாவீதின் கவண்:
குச்சியளவு இல்லையா! அவரைச் சுற்றி இருந்த பிரதானிகள் முணுமுணுத்திருப்பார்களே.

பிறைபார்த்தவன்:
முணுமுணுத்தார்கள் என்றும் அதே நூல்கள் சொல்கின்றன.

மதில்மேல் பூனை:
கடைசியாக ஒன்று. இருவருமே அவர் திரும்பி வருவார் என்கிறீர்களே, ஒரே ஆளுக்குத்தான் காத்திருக்கிறீர்களா?

பிறைபார்த்தவன்:
ஆமாம். வந்து தஜ்ஜாலை, கடைசிக் காலத்துப் பெரும் ஏமாற்றுக்காரனை, ஒழிப்பார், சிலுவையை உடைப்பார், நீதியாக ஆட்சி செய்வார்.

தாவீதின் கவண்:
ஆமாம். நியாயத்தீர்ப்புக்கு வருவார். சிலுவையை உடைப்பது மட்டும் எங்கள் திட்டத்தில் இல்லை.

மெழுகுவர்த்தி:
நேற்று இந்த இழையை விடுதித் தோழிக்கு அனுப்பினேன், பேசி ரொம்ப நாளாகிவிட்டது. முழுதும் படித்தாளா தெரியவில்லை. 'ரப்பு' என்றால் எஜமான் மட்டும் இல்லை, வளர்த்து ஆளாக்குகிறவன் என்றும் பொருள் உண்டு, அன்றைக்குச் சொல்ல மறந்துட்டேன்டி என்று மட்டும் பதில் வந்தது.